நாலு ரோட்டில் அக்காவின் பேட்டரி வண்டி

விமானத்தில் சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த பெண் என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். நான் வேண்டாமென்று தலையை ஆட்டினேன். நம் பக்கத்தில் சாப்பிடக் கூப்பிட்டால் உடனே யாரும் உட்கார மாட்டோம். "இருக்கட்டுங்க, இப்பத்தான் சாப்ட்டு வந்தேன்" என்று ரெண்டு தடவையாவது சொல்வோம். அதற்குமேல் அவர்கள் கையைப் பிடித்து இழுத்தால்தான் உட்காருவோம். அந்தப் பெண் ஒரு தடவைதான் கேட்டாள். சிரித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். எனக்கோ காலையிலிருந்து வயிறு காந்துகிறது. கூப்பிட்டுக் கேட்க வாய் வரவில்லை.

பக்கத்து சீட்டில் ஒரு தெலுங்குக்கார அம்மா. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். தன் தட்டிலிருந்த ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் கையில் வைத்து மூடிவிட்டார். அவர் பேசியது எனக்கு விளங்கவில்லை, என் பேச்சு அவருக்கு விளங்கவில்லை. எங்கிருந்தாலும் அந்த அம்மா நன்றாக இருக்க வேண்டும்.

வேப்பந்தட்டைப் பக்கத்தில் வெங்காயக் காட்டை விட்டு வெளியே போகாத நான் அமெரிக்கா போனது ஊர் சுற்ற இல்லை. ஒரு காரியமாகப் போனேன். என் அக்கா தனபாக்கியத்தை உடையார்பாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. மாமா தவறிய பிறகு மகன் செந்தில் அக்காவைத் தன்னோடு அழைத்துக்கொண்டு போய்விட்டான். அங்கே போன அக்கா வண்டி ஓட்டப் பழகிவிட்டாள். அதுதான் வில்லங்கம்.

செந்தில் போனில் சொன்னான். "சித்தி, நீங்க ஒரு மாசம் வந்து இருங்க. அம்மா அந்த வண்டிய எடுத்துக்கிட்டு கார் போற ரோட்டுல போறாங்க. போன மாசம் ஒரு கார்ல மோத இருந்துச்சு. நான் சொன்னா சண்டைக்கு வராங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

நான் சொல்லி யார் கேட்டிருக்கிறார்கள்? எங்கள் வூட்டில் கோழிகூட கேட்காது. ஆனால் பெற்ற பிள்ளை பயந்துபோய்ச் சொல்கிறான். சரியென்று கிளம்பிவிட்டேன்.

*

ஜார்ஜியா என்ற மாநிலம். ஊர்ப் பெயர் என் வாயில் நுழையவில்லை. செந்தில் காரில் கூட்டிப்போய் வாசலில் இறக்கினான். கார் நிறுத்துகிற கொட்டகைக் கதவு தானே மேலே சுருண்டது. உள்ளேயிருந்து அக்கா ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டு வெளியே வந்தாள். சேலை, நெற்றியில் திருநீறு, காலில் வெள்ளை ஷூ. திருச்சி ஜங்ஷனில் வயசானவர்களை ஏற்றிப் போகிற பேட்டரி வண்டி இருக்கிறதே, அதே ஜாதி வண்டி. கூரை உண்டு, பக்கத்தில் கதவு கிடையாது. முன்னால் ரெண்டு பேர், பின்னால் முதுகைக் காட்டிக்கொண்டு ரெண்டு பேர் உட்காரலாம். சத்தமே இல்லை.

"ஏண்டி, இப்படி இளைச்சுப் போயிட்ட? ஏறு, ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்" என்றாள்.

"ம்மா! சித்தி இப்பத்தான் வந்து இறங்கியிருக்காங்க" என்றான் செந்தில்.

"நீ பெட்டிய எடுத்து உள்ள வை. உனக்கு அதான் வேல."

கோல்ஃப் என்று ஒரு பந்து விளையாட்டாம். ஏக்கர் ஏக்கராகப் புல் வளர்த்து அதில் சின்னப் பந்தை அடித்துக்கொண்டே போவார்கள். நடக்க முடியாமல் வைத்த வண்டி இது. அந்த ஊரில் அதையே எல்லாரும் ஊருக்குள் ஓட்டுகிறார்கள். கடைக்கு, சர்ச்சுக்கு, ஸ்கூலுக்கு. அதற்கென்று மரங்களுக்கு நடுவே தனிப்பாதை போட்டிருக்கிறார்கள். பெரிய ரோடு வந்தால் அடியில் சுரங்கம். கடை வாசலில் காருக்கு ஒரு கட்டம், இந்த வண்டிக்கு ஒரு குட்டிக் கட்டம். கார் லைசென்ஸ் இல்லாத பெரியவர்களும் ஓட்டலாம் என்று அந்த ஊரில் விட்டிருக்கிறார்கள். ஆனால் பாதை எல்லா இடத்துக்கும் போகாது. சில தெருக்களில் காரோடு காராகத்தான் போக வேண்டும்.

ராத்திரி கவிதா, செந்தில் சம்சாரம், ரசம் வைத்திருந்தாள். நான் கொண்டுபோன வெங்காய வடகத்தைத் தாளித்தாள். ஏர்போர்ட்டில் ஆபீசர் அந்தப் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்துத் தும்மிய தும்மலை நான் சொல்லவும் எல்லாரும் சிரித்தார்கள். பிள்ளைகள் ரெண்டும் காலேஜில் தங்கிப் படிக்கிறார்கள். வீடு பெரிசு, சத்தம் இல்லை.

அக்கா கை கழுவப் போனதும் செந்தில் மெதுவாக, "நாளைக்கே சொல்லிடுங்க சித்தி" என்றான்.

*

மறுநாள் அவர்கள் வேலைக்குப் போனதும் அக்கா என்னைத் தன் தோட்டத்துக்குக் கூட்டிப்போனாள். ஊருக்குப் பொதுவான நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்துக் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிறார்கள். அக்காவுக்கும் ஒன்று. அரைக்கீரை, கொத்தவரை, பந்தல் போட்டு அவரை. பக்கத்துப் பாத்தி ஒரு கொரியாக்காரப் பாட்டியுடையது. ரெண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை. அக்கா கீரையை நீட்டினாள், அந்தப் பாட்டி முள்ளங்கியை நீட்டினார். "இந்தம்மா என்னோட ரொம்ப நாளா பேசிக்கிட்டு இருக்கு" என்றாள் அக்கா.

திரும்பும்போது நான் கேட்டேன். "ஏங்கா, செந்தில் தம்பி பயப்படுதே. விட்டுடேன் இத."

அக்கா வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள். "உடையார்பாளையத்துல இருக்கயில நான் தனியா பஸ் ஏறி ஜெயங்கொண்டம் சந்தைக்குப் போவேன். இங்க வந்து, கோயிலுக்குப் போவ ஒருத்தர் வரணும், கடைக்குப் போவ ஒருத்தர் வரணும். சனிக்கிழமைக்கு காத்துக்கிட்டுக் கெடந்தேன். இந்த வண்டி வந்த பொறவுதான் எனக்குக் கால் வந்துச்சு. நீ கால எடுக்க வந்தியா?"

தூது வந்த லட்சணம் அவ்வளவுதான்.

கொஞ்ச தூரத்தில் தனிப்பாதை முடிந்து தெரு வந்தது. நாலு ரோடு சேருகிற இடம். நம் பெரம்பலூர் நாலு ரோட்டை நினைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே ஹாரன் அடிக்கிறவன் முதலில் போவான், பெரிய வண்டிக்காரன் அதற்கும் முதலில் போவான், மொபட்டில் மூட்டை கட்டியவன் இடையில் நுழைந்து எல்லாருக்கும் முன்னால் போவான். இங்கே போலீஸும் இல்லை, சிக்னல் விளக்கும் இல்லை. நாலு பக்கமும் சிவப்பாக ஒரு பலகை நிற்கிறது. வருகிற வண்டி எதுவானாலும் அதைப் பார்த்ததும் நின்றுவிடுகிறது.

நாங்கள் போய் நின்றோம். அப்போது வேறு வண்டி இல்லை. அக்கா கிளம்பவில்லை. எதிரே தூரத்தில் ஒரு சிவப்புக் கார் வந்துகொண்டிருந்தது. "அது போவட்டும்" என்றாள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. நாம் எதற்குக் குறுக்கே போக வேண்டும்? சிவப்புக் கார் வந்து நின்றது. அதே நேரம் என் கைப்பக்கம், வலது ரோட்டில், வெள்ளை லாரி மாதிரி ஒரு வண்டி வந்து நின்றது. யாரும் நகரவில்லை. எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது. நம்மால் ஊரே நிற்கிறதே என்று அந்த வெள்ளை வண்டிக்காரரைப் பார்த்து "நீங்க போங்க" என்று கையைக் காட்டினேன். அக்கா என்ன செய்கிறாள் என்று நான் பார்க்கவில்லை. அவளும் அதே நேரம் எதிரே நின்ற சிவப்புக் காருக்கு, "நீங்க போங்க" என்று கையைக் காட்டிவிட்டாள்.

ரெண்டும் கிளம்பின.

டயர் தேய்ந்த சத்தம் இன்னமும் காதில் இருக்கிறது. ஒரு சாண் இடைவெளியில் ரெண்டும் நின்றன. வெள்ளை வண்டிக்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். சிவப்புக் காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு வெள்ளைக்கார அம்மா இறங்கி எங்களிடம் வந்தார். எங்கள் வயசுதான் இருக்கும். நம் ஊராக இருந்தால் இந்நேரம் ஏழு தலைமுறையும் இழுபட்டிருக்கும். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டேன்.

அந்த அம்மா திட்டவில்லை. என் தோளைத் தொட்டு, ரெண்டு பேருக்கும் அடி ஒன்றும் இல்லையே என்று பார்த்துவிட்டு, விரலை மடக்கி மடக்கி மெதுவாகச் சொன்னார். அக்காவுக்கு இங்கிலீஷ் கொஞ்சம் பிடிபடும். எனக்குத் தமிழில் சொன்னாள். "யாரு மொதல்ல வந்து நிக்கிறாங்களோ அவங்க மொதல்ல போவணுமாம். ஒண்ணா வந்தா வலது கைப்பக்கத்து ஆளு மொதல்லயாம். நாமதான் மொதல்ல வந்தமாம். நம்ம முறைய நாம எடுக்காட்டி, அடுத்தவங்களுக்கு எப்ப போறதுன்னு தெரியாதாம்."

"அத வண்டி பழகயிலயே யாரும் சொல்லலயாக்கா?"

"சொன்னாங்கடி. ஆனா மனசு வர மாட்டேங்குதே. நாலு பேரு நிக்கயில நான் முந்திக்கிட்டுப் போனா என்ன நெனப்பாங்க?"

எனக்கு அது நன்றாகவே விளங்கியது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே. பஸ்ஸில் கடைசியாக ஏறி, பந்தியில் கடைசியாக உட்கார்ந்து வளர்ந்த கை. ஸ்டியரிங்கைப் பிடித்தாலும் அந்தக் கை அதைத்தான் செய்யும்.

*

"செந்திலுட்ட சொல்லிப்புடாத" என்று அக்கா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் சொல்லவில்லை. சாயந்திரம் அவன் "என்ன சித்தி, தோட்டம் பாத்தீங்களா?" என்றுதான் கேட்டான். என் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது.

"என்ன ஆச்சு?"

அக்காவே எல்லாவற்றையும் சொன்னாள். செந்தில் சத்தம் போடவில்லை. கொட்டகைக்குப் போய் வண்டிச் சாவியை எடுத்துத் தன் ஆபீஸ் பையில் போட்டுக்கொண்டான். "உனக்கு ஏதாச்சும் ஆனா நான் என்னம்மா பண்ணுவேன்? அந்த வண்டிக்கு கதவுகூடக் கெடையாது" என்றான். அவன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. சுண்ணாம்புக்கல் லாரி ஓடுகிற அரியலூர் ரோட்டில் என் வூட்டுக்காரர் மொபட்டை எடுத்துக்கொண்டு போகிற அன்றைக்கு, அவர் திரும்பி வரும்வரை எனக்கும் சோறு இறங்காது.

"சனிக்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன் அத்தை, தண்ணி ஊத்திட்டு வருவோம்" என்றாள் கவிதா.

"வாரத்துக்கு ஒருக்கா தண்ணி குடிக்க கீரை என்ன ஒட்டகமா?" என்றாள் அக்கா. மறுநாள் முழுக்க டிவி ஓடியது. அக்கா அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள், பார்க்கவில்லை.

எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. "எந்திரிக்கா, நடந்துட்டு வருவோம்" என்றேன். அந்த நாலு ரோடு வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். ஓரத்தில் மரத்தடியில் ஒரு பெஞ்சு. உட்கார்ந்து வண்டிகளைப் பார்த்தோம். முதல் நாள் சும்மா பார்த்தோம். அடுத்த நாள் அதுவே விளையாட்டாகிவிட்டது.

"இப்ப யாரு முறை?"

"பச்சைக் காரு."

"இல்லடி, மஞ்ச பஸ்ஸு. அதான் மொதல்ல வந்துச்சு."

மஞ்சள் ஸ்கூல் பஸ்தான் போனது. ஒரு கோல்ஃப் வண்டி வந்தது, ஓட்டியது தொப்பி போட்ட தாத்தா. அவருக்கு எதிரே மலை மாதிரி ஒரு லாரி நின்றது. முதலில் வந்தது தாத்தா. அவர் பாட்டுக்கு வெற்றிலைப் பெட்டி அளவு வண்டியை ஓட்டிக்கொண்டு கடந்து போனார். லாரி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நம் ஊரில் லாரிக்காரர் பெரிய மனசு பண்ணினால்தான் சின்ன வண்டி பிழைக்கும். இங்கே யாரும் மனசு பண்ண வேண்டாம். முறை என்று ஒன்று இருக்கிறது, அது பார்த்துக்கொள்கிறது.

சிவப்புக் கார் அம்மா எங்களைக் கண்டுகொண்டார். கண்ணாடியை இறக்கி ஏதோ சொல்லிச் சிரித்தார். "சம்பளம் இல்லாத போலீஸான்னு கேக்குறாங்க" என்றாள் அக்கா. பிறகு காகிதப் பை நிறைய பீச் பழத்தை நீட்டினார். ஒரு தடவைதான் கேட்டார். நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். அக்கா என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். பழம் நம் பக்குவமான கொய்யாவைவிட மெத்தென்று, சாறு முழங்கைவரை ஒழுகியது.

*

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் நான் பேசினேன். அந்த வீட்டில் அதுவரை சிரிக்கப் பேசியிருக்கிறேன், யாருக்கும் புத்தி சொன்னதில்லை.

"தம்பி, நீ சொல்றதுதான் சரி. இப்படியே ஓட்டுனா ஆபத்துதான். ஆனா உங்கம்மா வேகமாப் போயி முட்டப் பாக்கல. போவாம நின்னு முட்ட வச்சாங்க. அது பழகுனா சரியாப் போவும். நாளைக்கு நீ ஒருதரம் பின்னாடி உக்காந்து வா. சரியில்லன்னு நீ சொன்னா நானே சாவிய எடுத்துக்கிட்டு ஊருக்குப் போயிடுறேன்."

கடைசி வாக்கியம் எப்படி வந்ததென்று எனக்கே தெரியவில்லை. கவிதா சிரித்துவிட்டாள். "சின்னத்தை இப்படியும் பேசுவாங்களா!" என்றாள். செந்தில் தட்டைப் பார்த்தபடியே, "ஒரு தடவதான்" என்றான்.

மறுநாள் சனிக்கிழமை. செந்தில் பின் சீட்டில் திரும்பி உட்கார்ந்து ரெண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அக்கா இடுப்பு பெல்ட்டைப் போட்டாள், எனக்கும் போட்டாள். மரத்தடிப் பாதை, சுரங்கம், எல்லாம் நன்றாகத்தான் போனது. முன்னால் நடக்கிறவர்கள் வந்தால் அக்கா மணியை அடித்து, வேகத்தைக் குறைத்து, இடப்பக்கமாக விலகிப் போனாள்.

நாலு ரோடு வந்தது. அக்கா பலகைக்கு முன் சுத்தமாக நிறுத்தினாள். எதிரே ஒரு பெரிய சாமான் வண்டி வந்து நின்றது. இடது பக்கம் ஒரு கார். எங்களுக்குப் பின்னாலும் ஒரு கார். எல்லாரும் நின்றார்கள். என் கை தூக்கிக்கொண்டு வரத் துடித்தது. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். ஓரக்கண்ணால் பார்த்தால் அக்காவின் கை ஸ்டியரிங்கிலிருந்து மேலே எழும்புகிறது.

"அக்கா" என்றேன். "நம்ம முறை. போக்கா."

கை இறங்கியது. வண்டி நகர்ந்தது. அந்த சாமான் வண்டிக்கு முன்னால், அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் ரெண்டு கிழவிகளும் நடு ரோட்டைக் கடந்தோம். யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. அந்த டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் வைத்தார். நாங்கள் கடந்ததும் அவர் போனார், பிறகு இடப்பக்கத்துக் கார் போனது. நூல் பிடித்த மாதிரி.

தோட்டத்தில் இறங்கியதும் அக்கா, வாடிப்போயிருக்கும் என்ற பயத்தோடு நேராகக் கீரைக்குப் போனாள். பாத்தி நனைந்திருந்தது. அந்தக் கொரியாக்காரப் பாட்டி பூவாளியோடு நின்றார், தினமும் தண்ணீர் விட்டிருக்கிறார். ஓரம்தான் காய்ந்திருந்தது. அக்கா அந்தப் பாட்டியின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் கும்பிட்டேன். செந்தில் கொஞ்ச நேரம் தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். பிறகு அம்மாவிடம் வந்தான்.

"தோட்டத்துக்கும் கோயிலுக்கும் மட்டும். லைட்டு போடுற நேரத்துக்கு முன்னாடி வூட்டுக்கு வந்துடணும். பின்னாடி ஒரு சிவப்புக் கொடி கட்டுவேன், கழட்டக் கூடாது."

"கட்சிக் கொடி இல்லாம இருந்தா சரி" என்றாள் அக்கா.

அவன் சாவியை வண்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

*

ஊருக்கு வந்து சில நாள் கழித்து அக்காவின் பூட்டின வீட்டைப் பெருக்கி விளக்கேற்ற உடையார்பாளையம் கிளம்பினேன். பெரம்பலூரில் பஸ் ஏறி அரியலூரில் இறங்கினேன். அங்கே ரோட்டைத் தாண்டி அடுத்த பஸ் பிடிக்க வேண்டும். லாரி மேல் லாரி. வெள்ளைப் புழுதி. இந்த இடத்தில் நான் எவ்வளவோ நேரம் நின்றிருக்கிறேன். யாராவது ஒரு டிரைவர் இரக்கப்பட்டு நிறுத்தினால் நான் "நீங்க போங்க" என்பேன், அவர் "நீ போம்மா" என்பார், பின்னால் எல்லாரும் ஹாரன் அடிப்பார்கள், கடைசியில் அவரே போய்விடுவார். நான் நின்றுகொண்டே இருப்பேன்.

அன்றைக்கும் ஒரு லாரி நின்றது. கல் ஏற்றிய லாரி. இங்கே பலகை இல்லை, முறை இல்லை. அந்த டிரைவர் நிற்க வேண்டியதே இல்லை. ஆனாலும் நின்றார். "போ ஆத்தா, போ!" என்றார். முண்டாசு கட்டிய முகம், பல் மட்டும் வெள்ளை.

நான் கையைத் தூக்கவில்லை. ரெண்டு பக்கமும் ஒருதரம் பார்த்தேன். அவரைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு நடந்து தாண்டிவிட்டேன். நான் தாண்டியதும் லாரி போனது. ஒரு ஹாரன்கூட இல்லை.

சாயந்திரம் அக்கா வீட்டு வாசலைக் கூட்டும்போது போன் வந்தது. அக்காதான். பின்னால் குருவிச் சத்தம். அங்கே காலை நேரம், தோட்டத்திலிருந்து பேசுகிறாள்.

"ஏண்டி, இன்னிக்கு நாலு பக்கமும் வண்டி நின்னுச்சு. நான்தான் மொதல்ல போனேன்."

"நானும்தாங்கா" என்றேன்.